மண்ணுக்கு ஒரு பெர்மிட், மனிதனுக்கு ஒரு பெர்மிட்

சிங்கப்பூரில் சொந்த நிலம் வைத்திருப்பவரும் தம் இஷ்டப்படி மண்ணைத் தொட முடியாது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்ட வேண்டுமா, அஸ்திவாரம் தோண்ட வேண்டுமா, குழாய் புதைக்க ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டுமா, மம்மட்டி மண்ணில் படுவதற்கு முன்னால் பேனா காகிதத்தில் பட்டாக வேண்டும். ஒரு இலாகாவுக்கு வரைபடம், இன்னொரு இலாகாவுக்கு விண்ணப்பம், மூன்றாவது இலாகாவுக்கு முன்னறிவிப்பு. இவை முடிந்த பிறகுதான் யந்திரம் உள்ளே வரலாம். இந்தக் கட்டுப்பாடுகளை நாம் குறை சொல்ல வரவில்லை. இவை வேண்டியவை, சில இடங்களில் இன்னும் கடுமையாகவே வேண்டியவை. ஆயினும் இத்தனை கையெழுத்துகளுக்கு நடுவே குழியில் இறங்குகிறவனின் கையெழுத்துக்கு இடமில்லாமல் போனது ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சாங்கியை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம். 2025ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி அங்கே விமான நிலையத்தின் 5ஆவது முனையத்துக்குப் பிரதமர் லாரன்ஸ் வோங் தலைமையில் அடிக்கல் விழா நடந்தது. சாங்கிக் கிழக்கில் இந்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் 1,080 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 2,670 ஏக்கர், ஒரு பெரிய தோட்டம். முனையம் திறக்க 2030ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி ஆகும் என்கிறார்கள். அதுவரை அந்த மண்ணைத் தோண்டுவதும் கொட்டுவதும் நிற்கப் போவதில்லை. தோண்டுகிற கைகளில் தமிழ்க் கைகள் கொஞ்சமல்ல. தஞ்சாவூரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்தவர்கள் ஒருபுறம். விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து போகிற நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்னொருபுறம்.

ரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் பத்திரிகைக்குச் சாங்கி மண்ணில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளைகள் போகிறார்கள் என்பது ஒரு பதில். மற்றொரு பதில், நம் தோட்டங்களும் ஒவ்வொன்றாக வீட்டு மனைகளாக மாறிவரும்போது இதே மண் பெர்மிட் நம் லயத்து வாசலுக்கும் வந்து நிற்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம். ரப்பர் மரம் இந்தப் பக்கத்தில் முதலில் வேர் விட்டது சிங்கப்பூர் மண்ணில்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1877ஆம் ஆண்டில் 22 நாற்றுகள் அங்கே வந்து சேர்ந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டை சீவும் முறையை அங்குள்ள தாவரத் தோட்டத்தில் ரிட்லி துரை கண்டுபிடித்த பிறகுதான் நம் பாட்டன்மாருக்குக் கப்பல் சீட்டு எழுதப்பட்டது.

சாங்கி மண் பலமுறை இடம் மாறிய மண். 1943ஆம் ஆண்டில் ஜப்பானிய ராணுவம் அங்கே ஒரு விமான ஓடுபாதை போட முனைந்தது. யுத்தக் கைதிகளை வைத்து, கையால் மேட்டை வெட்டி, சதுப்பைத் தூர்த்தார்கள். அதே சாங்கியிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கைதிகளைக் கொண்டுபோன காலம் அது. நம் தோட்டங்களிலிருந்து நம்மவரை லாரி லாரியாக ஏற்றிப் போனதும் அதே காலந்தான். யுத்தத்துக்குப் பின் அந்த ஓடுபாதை பிரிட்டிஷ் விமானப் படையின் கைக்கு வந்தது. பிறகு 1975ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம் பெரிய விமான நிலையத்தைச் சாங்கியிலே கட்டத் தீர்மானித்தது. கடலடியிலிருந்து 4 கோடி கன மீட்டருக்கு மேல் மணல் எடுத்துக் கொட்டிக் கரையை நீட்டினார்கள். சதுப்பு நிலம் தூர்ந்தது. கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 4,000க்கு மேற்பட்ட சவக்குழிகளைத் தோண்டி எலும்புகளை வேறிடம் மாற்றினார்கள். 1981ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி விமானங்கள் இறங்கத் தொடங்கின. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கடலில் கொட்டிக் கிழக்குக் கரை முழுவதையும் புதிதாக்கியிருந்தார்கள். ஆக, அந்தப் பக்கத்தில் குன்று இருந்த இடத்தில் இன்று குன்று இல்லை. கடல் இருந்த இடத்தில் இன்று கடல் இல்லை.

இவ்வளவு மண் நகர்ந்த நாட்டில் மண்ணுக்குச் சட்டம் பிறப்பது இயற்கை. முக்கியமான சிலவற்றை நம் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, தண்ணீர். மண்ணைக் கிளறினால் மழை அதைக் கரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போகும். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களில் போய்ச் சேருகிறது. அது குடிக்கிற தண்ணீர். ஆகையால் மண் வேலை தொடங்குமுன், கலங்கல் நீர் வெளியே போகாமல் தடுக்கும் திட்டத்தைத் தகுதி பெற்ற நிபுணர் ஒருவரைக் கொண்டு தயாரித்துப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கொடுக்க வேண்டும். வெளியேறும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக்கூடாது. வெட்டிய சரிவை மூடிவைக்க வேண்டும். சுற்றிலும் வாய்க்கால் வெட்ட வேண்டும். வண்டல் படியத் தொட்டி கட்ட வேண்டும்.

இதைப் படிக்கும் பால்வெட்டுத் தோழர்களுக்குச் சிரிப்பு வரும். நமக்கு இது புதுப்பாடமா? மலைக்காட்டில் படிவரிசை வெட்டி, நிரைக்கு நடுவே வண்டல் குழி தோண்டி, தரையை மூடக் கொடி போட்டு வளர்த்தவர்கள் நாம்தான். ஆரம்ப காலத்துத் துரைமார் புல் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று தரையைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கச் சொன்னார்கள். மழை வந்து மேல் மண்ணை எல்லாம் ஆற்றுக்குக் கொண்டுபோன பிறகே புத்தி வந்து கொடி விதை வாங்கினார்கள். அந்தச் சுரண்டலுக்கும் கூலி வாங்கியது நம்மவர். பிறகு கொடி நட்டதற்கும் கூலி வாங்கியது நம்மவர். ஒரு மழைக்கு எந்தச் சரிவு நிற்கும், எது வழியும் என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இன்றும் ஒவ்வொரு டிவிஷனிலும் நாலு பேர் இருப்பார்கள். இந்த அறிவை எந்த விண்ணப்பத் தாளிலும் யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது, மின்சாரக் கம்பி. பூமிக்கடியில் கம்பி ஓடுகிற இடத்துக்கு அருகே தோண்டுமுன் மின் நிறுவனத்துக்கு அறிவித்து, வரைபடம் வாங்கி, லைசென்ஸ் பெற்ற கம்பிக் கண்டுபிடிப்பாளரைக் கொண்டு சோதித்து, அதன் பிறகே தோண்ட வேண்டும். உயர் அழுத்தக் கம்பியைச் சேதப்படுத்தியவருக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ரயில் பாதைக்கு அருகே தோண்டுவதானால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேறு.

மூன்றாவது, ஆழம். 6 மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டுகிற கட்டட வேலையானால் மண்ணியல் தெரிந்த தனி எஞ்சினியர் கணக்குப் போட வேண்டும். அவர் கணக்கை அதே துறையின் இன்னொரு நிபுணர் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே கட்டட, கட்டுமான ஆணையத்தின் பெர்மிட். ஒரு எஞ்சினியருக்கு மேல் இன்னொரு எஞ்சினியர் என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நான்கு உயிர்கள் இருக்கின்றன. அதற்கும் வருகிறோம்.

நான்காவதாகத்தான் மனிதன் வருகிறான். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியிலோ சுரங்கத்திலோ வேலை செய்வது ஆபத்து மிகுந்த வேலை என்று பணியிடப் பாதுகாப்பு விதிகள் வகுத்திருக்கின்றன. அப்படிப்பட்ட வேலைக்கு அன்றன்றைய வேலை பெர்மிட் ஒன்று வேண்டும். மேற்பார்வையாளர் விண்ணப்பம் போட வேண்டும். பாதுகாப்பு மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்க்க வேண்டும். நியமிக்கப்பட்ட மேலாளர் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளின் நகலை வேலை நடக்கும் இடத்தில் தெரியும்படி வைக்கவும் வேண்டும். நல்ல விதி. மூன்று பேருடைய கையெழுத்து. ஆனால் அந்த மூன்று பேரும் பெரும்பாலும் குழிக்கு மேலே நிற்பவர்கள்.

இப்போது தண்டனைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். கம்பிக்கு என்ன என்று மேலே சொன்னோம். பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுத் தண்டனைப்படி, தனி மனிதர் ஒருவருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. கம்பெனியானால் முதல் தடவைக்கு 5 லட்சம் வெள்ளி வரை. மறுபடி அதே குற்றத்துக்கு 10 லட்சம் வரை. சட்டத்தின் கீழ் வரும் விதிகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம்தான் உயர்த்தினார்கள். உயிர்ச்சேதத்துக்கு வேறு குற்றச் சட்டங்களும் இருக்கின்றன என்பதை நாம் மறைக்கவில்லை. இருந்தாலும், மண்ணுக்குள் கிடக்கும் கம்பியை அறுத்தவனுக்கு 5 ஆண்டு வரை, மண்ணுக்குள் மனிதனை அஜாக்கிரதையாக இறக்கியவனுக்கு இந்தச் சட்டப்படி 2 ஆண்டு வரை என்ற கணக்கு எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது? கம்பி அறுந்தால் ஊரே இருளும். மனிதன் செத்தால் ஒரு வீடு மட்டும் இருளும் என்பதுதான் கணக்கா?

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகலில் சிங்கப்பூரில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து விழுந்தது நம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். ரயில் பாதைக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். பக்கச் சுவரைத் தாங்கிய இரும்பு முட்டுகள் கைவிட்டன. சாலையே குழிக்குள் போயிற்று. நான்கு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஃபோர்மன். தம் ஆட்களை மேலே ஏறச் சொல்லி விரட்டிவிட்டுத் தாம் உள்ளே அகப்பட்டவர். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது. வடிவமைப்பிலே பெரும் பிழைகள் இருந்தன என்றும், அளவுக் கருவிகள் காட்டிய எச்சரிக்கைகளைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும், இந்த விபத்தைத் தடுத்திருக்கலாம் என்றும் சொல்லியது. அன்று காலையிலேயே இரும்பு முட்டுகள் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டிருக்கிறது. பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் எல்லாம் விழுந்தது.

அந்த வேலைக்குக் காகிதம் இல்லாமலா இருந்தது? எல்லாம் இருந்தது. அரசாங்கத்தின் வேலை, பெரிய கம்பெனிகள், வரைபடத்துக்குக் குறைவில்லை. எழுத்து வேலை பார்க்கும் கிராணிமாருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். செக்ரோல் சரியாக இருந்தால் தோட்டமே சரியாக இருக்கிறது என்று மேலே உட்கார்ந்திருப்பவர் நினைத்துக்கொள்வார். தாள் நகராது, மண் நகரும். தாளிலே முட்டு நிமிர்ந்து நிற்கும்போதே தரையிலே அது வளைந்திருக்கும். வளைவதை முதலில் பார்ப்பவனுக்கும் கேட்பவனுக்கும் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தாளிலே கொடுக்கப்படவில்லையானால், அத்தனை தாளும் விசாரணைக் குழுவுக்குத்தான் பயன்படும். நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பிறகு ஆழக் குழிகளுக்கான சட்டத்தை இறுக்கினார்கள், இரண்டாவது எஞ்சினியரைப் போட்டார்கள். வரவேற்கிறோம். ஆனால் காலையில் சத்தத்தைக் கேட்டவனுக்கு என்ன உரிமை புதிதாகக் கிடைத்தது?

இன்னொரு சம்பவம், சென்ற ஆண்டுகளில் நடந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி மாலை, சாங்கிக்குப் போகும் கிழக்குப் பக்கத்திலேயே, தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பூமி வாய் திறந்தது. பக்கத்திலே கழிவுநீர்க் குழாய்களை இணைப்பதற்காக ஆழமாக ஒரு கிணறு இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுமார் 16 மீட்டர் ஆழத்தில் அந்தக் கிணற்றின் கான்கிரீட் வளையம் ஒன்று கைகொடுக்காமல் போகவே, தண்ணீரும் மண்ணும் உள்ளே பாய்ந்தன என்று பிறகு சொன்னார்கள். சாலையில் வந்த கார் ஒன்று, ஓட்டிவந்த பெண்மணியோடு பள்ளத்தில் விழுந்தது. பக்கத்து வேலையிடத்தில் இருந்த ஏழு தொழிலாளர் ஓடிவந்து கயிற்றை வீசிச் சில நிமிடங்களில் அந்த அம்மையாரை மேலே இழுத்துக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு ஃபோர்மனாக இருந்தவர் தமிழ்நாட்டுக்காரர். அதிபர் தர்மன் அவர்களை இஸ்தானாவுக்கு அழைத்துக் கௌரவித்தார். மனிதவள அமைச்சும் பாராட்டியது. பொதுமக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறவர்களுக்கெல்லாம் அந்த வாரம் இதே பேச்சுதான் இருந்திருக்கும். நமக்கும் பெருமைதான்.

பாராட்டுக்கு நாம் ஒன்றும் விரோதியல்ல. ஆனால் இந்தச் சம்பவத்தில் கயிற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மண் எப்படி நடந்துகொள்ளும், எங்கே நின்றால் கால் உள்ளே போகும், எந்த விளிம்பு தாங்கும் என்று தெரிந்தவர்கள் அந்த ஏழு பேர். அப்படித் தெரிந்ததால்தான் தாங்களும் விழாமல் அந்த அம்மையாரையும் இழுத்தார்கள். இந்த அறிவை உயிர் போகிற நேரத்தில் ஊர் முழுதும் போற்றுகிறது. வேலை தொடங்குகிற காலை 8 மணிக்கு இதே அறிவை யாராவது கேட்கிறார்களா? வேலை பெர்மிட் தாளில் அவர்களுக்கு ஒரு கட்டம் உண்டா?

இங்கேதான் இரண்டாவது பெர்மிட் வருகிறது. சிங்கப்பூரில் மண் தோண்ட வந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் ஒரு பெர்மிட் இருக்கிறது. மண்ணின் பெர்மிட் தீர்ந்தால் வேலை நிற்கும். மனிதனின் பெர்மிட் தீர்ந்தால் அவன் நாட்டை விட்டுப் போக வேண்டும். மண்ணின் பெர்மிட்டை ரத்து செய்ய அரசாங்கம் மனசு வைக்க வேண்டும். மனிதனின் பெர்மிட்டை ரத்து செய்யச் சொல்லி முதலாளியே விண்ணப்பிக்கலாம். அதிகாரிக்கு உண்மை சொன்னதற்காகத் தொழிலாளியை வேலை நீக்கம் செய்யக்கூடாது என்று பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. சம்பளப் பாக்கி, காயத்துக்கான நஷ்டஈடு என்று முறையீடு இருந்தால் அது முடியும்வரை தங்கவும் வழி இருக்கிறது. இவற்றை நாம் மதிக்கிறோம். ஆனால், “இந்த ஆள் எங்களுக்கு இனித் தேவையில்லை” என்று எழுத முதலாளிக்கு உண்மைக் காரணம் எதற்கு? ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் தலைக்கு மேல் நிற்கும்போது, குழியின் சுவரில் வெடிப்பைப் பார்த்தவன் வாயைத் திறப்பானா, மூடிக்கொள்வானா? நம் தோட்டங்களில் பற்றுச் சீட்டுக்குப் பயந்து கங்காணி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தப் பயத்துக்கு நமக்கு அகராதி வேண்டியதில்லை.

ஆகவே சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கும் அங்குள்ள தொழிற்சங்கச் சகோதரர்களுக்கும் நம் கோரிக்கையை வைக்கிறோம். குழி வேலைக்கான பெர்மிட்டில் மூன்று கையெழுத்தோடு நான்காவது கையெழுத்து ஒன்று வேண்டும். அது அன்றைக்கு அந்தக் குழியில் இறங்கும் தொழிலாளரில் ஒருவருடையதாக இருக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டில் இப்போதே உள்ள விதி. மேசைக்கு வர அனுமதித்த பிரதிநிதியைக் குழி விளிம்புக்கும் வர அனுமதியுங்கள் என்கிறோம், அவ்வளவுதான். அந்தத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ஒட்டப்படுகிறது. கட்டுமானத் தொழிலாளருக்கான பாதுகாப்பு வகுப்பைத் தமிழிலும் வங்காளியிலும் சீனத்திலும் நடத்தத் தெரிந்த நாடு, தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாடு, ஒரு பக்கத் தாளைத் தமிழில் படித்துக் காட்ட முடியாதா? நான்காவது கையெழுத்தைப் போட மறுத்தவனுக்கு அன்றைய சம்பளம் போகக்கூடாது. அதற்குப் பிறகு சில மாதங்களுக்குள் அவனுடைய பெர்மிட்டை ரத்து செய்ய முதலாளி கேட்டால், அமைச்சு தானே அழைத்து விசாரிக்க வேண்டும். வேலை தாமதமாகும் என்பார்கள். கம்பியைத் தேடுவதற்காக வேலை தாமதமாவதில்லையா?

இனி நம் வீட்டு விஷயம்.

மலேசியாவில் மண் சட்டம் நம் ரப்பர் மலைகளோடு சேர்ந்தே வளர்ந்தது. 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம், மலை நிலம் என்று மாநில அரசு அறிவித்த இடத்தில் பெர்மிட் இல்லாமல் காட்டை அழிக்கவோ பயிர் செய்யவோ கூடாது என்கிறது. மண் அரித்துப் பக்கத்து நிலத்துக்கோ ஆற்றுக்கோ கேடு வந்தால், நில நிர்வாகி நிலச் சொந்தக்காரரை அழைத்துத் தடுப்பு வேலை செய்யும்படி உத்தரவிடலாம். சட்டத்தின் பலம் அது. மாநில அரசு அறிவித்தால்தான் மலை நிலம், அறிவிக்காவிட்டால் எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது மலையல்ல என்பது அதன் பலவீனம். இரண்டாவது, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். அதன் 70ஏ பிரிவுப்படி, நகராண்மைக் கழகத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்காமல் யாரும் மண் வேலையைத் தொடங்கவோ, நிறுத்திய வேலையை மறுபடி தொடங்கவோ கூடாது.

தோட்டம் விற்றுப் போகிறது. பால்மரத்தை யந்திரம் சாய்க்கிறது. ஒரு வாரத்தில் மேடு மொட்டையாகிறது. அடுத்த மழையில் சிவப்புச் சேறு லயத்து வாசலுக்கு வருகிறது; ஆற்று மீன் போகிறது; கோயில் வளவில் முழங்கால் மட்டும் சகதி. நஷ்டஈட்டுக்கும் மாற்று வீட்டுக்கும் போராடிக்கொண்டிருக்கும் நம் ஜனங்கள், இந்தச் சேற்றை விதி என்று நினைத்து வழித்துப் போடுகிறார்கள். விதியல்ல, தோழர்களே. அந்தச் சேற்றுக்கு ஒரு பெர்மிட் நம்பர் இருக்கிறது, அல்லது இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்பதற்கு லயத்தில் குடியிருப்பவனுக்கு வாய் இருக்கிறது.

பெர்மிட் கொடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவதும் ஆபத்து. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். பின்னாலிருந்த மலைச் சரிவில் மரத்தை அழித்ததும், ஓடையின் தண்ணீரைச் சரிவின் பக்கம் திருப்பிவிட்டதும், தடுப்புச் சுவர்கள் சரியாக இல்லாததும் காரணமென்று வழக்கில் வந்தது. உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கட்டியவர்களோடு நகராண்மைக் கழகத்தின் மீதும் ஒரு பங்கு பொறுப்பைச் சுமத்தியது. 2006ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு கழகத்துக்குக் கவசமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி அதை விடுவித்தது. பெர்மிட் கொடுக்கும் அதிகாரமும், கொடுத்ததற்குப் பொறுப்பேற்காத பாதுகாப்பும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்பது நம் கருத்து. திருத்தும் வரைக்கும் சரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் சரிவுக்குக் கீழே இருப்பவர்களே.

கிளைச் செயலாளர்களுக்கும், தோட்ட ஆபீசில் இருக்கும் கிராணித் தோழர்களுக்கும் இந்த வேலையை ஒப்படைக்கிறோம். தோட்டத்திலோ பக்கத்திலோ மண் வேலை தொடங்கினால், வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பார்த்து நம்பரையும் கம்பெனி பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பலகை இல்லையானால் அதையும் எழுதுங்கள். மழை பெய்த அன்றைக்கே ஓடையையும் சரிவையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். நகராண்மைக் கழகத்துக்கு ஒன்று, மாவட்ட நில அலுவலகத்துக்கு ஒன்று என்று மலாய் மொழியில் இரண்டு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். பெரட்டுக் களத்தில் அந்தக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினால், கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டியிராது. கடிதம் எழுதத் தெரிந்த கிராணியும் சரிவைப் படிக்கத் தெரிந்த பால்வெட்டுக்காரரும் சேர்ந்து போய்ப் பாருங்கள். ஒருவர் மட்டும் போனால் பாதிதான் தெரியும்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், இந்த இதழை வீட்டில் வைத்திருந்து அவர்கள் லீவில் வரும்போது கொடுங்கள். மார்பளவுக்கு மேல் ஆழமான குழியில் இறங்கச் சொன்னால், இன்றைய பெர்மிட் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்கட்டும். பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறதா, ஏறிவர ஏணி இருக்கிறதா, தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு இறங்கட்டும். 1.5 மீட்டர் விதியையும் 70ஏ பிரிவையும் தமிழாக்கி அடுத்த இதழில் தனித்தாளாக வெளியிடுகிறோம். கூடுதல் பிரதிகள் வேண்டிய கிளைகள் எண்ணிக்கையை இந்த மாத இறுதிக்குள் எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.